முதலில் அட்டையை மடியுங்கள், அப்புறம் மலை ஏறுங்கள்

கேள்வி: வணக்கம் சார். சேலத்தில் விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுக்கிறோம். பாட்டு எங்கள் நண்பன் எழுதி, இசையமைத்து, பாடியது. ஏற்காட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸில் மலை ஏறும் ஒரு அக்காவைப் பற்றிய பாட்டு. வீடியோவோடு சிடி வைக்கிற மாதிரி ஒரு மடிப்பு அட்டையும் ஒரு பக்கப் பத்திரிகை விளம்பரமும் சமர்ப்பிக்க வேண்டும். ஏற்காட்டில் இரண்டு நாள் ஷூட்டிங். ஒரே கேமரா, 18-55 லென்ஸும் 50 எம்எம் லென்ஸும் இருக்கின்றன. வீடியோவிலிருந்தே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அட்டைக்குப் போட்டால் போதுமா? ஏற்காட்டில் எந்த இடத்தில் போட்டோ எடுக்கலாம்? பாட்டு ஒன்றுதானே, பின்பக்கம் என்ன போடுவது? அச்சுக்கு எப்படிக் கொடுப்பது? சிடி மேல் என்ன வரலாம்?

– ஒரு மாணவர், சேலம்

பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: போதாது. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன், உங்கள் குழுவில் யாராவது சண்டைக்கு வந்தால் உதவும்.

அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். சிடி அட்டையின் ஒரு பக்கம் சுமார் 125 மி.மீ. சதுரம். அதாவது ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 1,480 பிக்சல். சாதாரண எச்டி வீடியோவின் உயரமே 1,080 பிக்சல்தான். அதில் சதுரமாக வெட்டினால் 91 மி.மீ. வரைக்கும்தான் சுத்தமாக அச்சாகும். 4கே-யில் எடுத்தால் 2,160 பிக்சல் கிடைக்கும், அளவுக்குப் போதும். ஆனால் வீடியோவை நொடிக்கு 25 பிரேமில், 1/50 ஷட்டரில்தான் எடுப்பீர்கள். ஓடும்போது அது அழகு. நிறுத்திப் பார்த்தால் கை, துப்பட்டா, இமை எல்லாம் கலங்கியிருக்கும். போதாததற்கு, வீடியோ ஃபைலை கேமரா நன்றாகக் கசக்கித்தான் சேமிக்கிறது. ஏற்காட்டுப் பனியை அப்படிக் கசக்கினால் பட்டை பட்டையாகத் தெரியும்.

நீங்கள் ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவைத் தாண்டித்தான் போவீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் ஆரம்பித்த சினிமா கம்பெனி. இன்றைக்கு அந்த முகப்பு மட்டும் நிற்கிறது. அந்தக் கால ஸ்டூடியோக்களில் ஸ்டில் போட்டோகிராபர் என்பவர் தனி ஆள். ஷாட் ஓகே ஆனதும் "ஸ்டில்!" என்று ஒரு குரல் வரும், நடிகர்கள் கலையாமல் நிற்பார்கள். பாட்டுப் புத்தகத்துக்கும் போஸ்டருக்கும் அவர் எடுத்த படம்தான் போகும். உங்கள் நாலு பேரில் ஒருவரை அப்படி ஒதுக்குங்கள். கேமரா ஒன்றுதான் என்பதால் அவருக்கு நேரத்தையும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் கடைசி பதினைந்து நிமிஷம் ஸ்டில்லுக்கு என்று ஷெட்யூலில் எழுதுங்கள். "நேரம் இருந்தால் எடுத்துக்கலாம்" என்று விட்டால் நேரம் இருக்காது. முப்பது வருஷமாக நான் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் கேட்காத கேள்வி அது.

ஒரு சார்ட் பேப்பரை எடுத்து வெட்டி, மடித்து, அட்டையின் டம்மி ஒன்றைச் செய்யுங்கள். இன்றைக்கே. எங்கே போட்டோ எடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். எந்த போட்டோ எந்தப் பக்கத்தில், எந்த வடிவத்தில் வரும் என்று தெரியாமல் இடத்தை எப்படித் தேடுவீர்கள்? என்னிடம் வருகிற மாணவர்கள் முந்நூறு போட்டோவோடு வருகிறார்கள். எல்லாம் படுக்கைவாட்டில், ஆள் நடுவில், தலைப்பு எழுத ஒரு விரல் அளவு இடம் கிடையாது.

உங்கள் பாட்டுக்கு நான் ஒரு மடிப்பு சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இந்த அட்டைகள் புத்தகம் மாதிரி பக்கவாட்டில் விரியும். உங்களுடையது கீழ்நோக்கி விரியட்டும். மூன்று சதுரப் பக்கங்கள், ஒன்றன் கீழ் ஒன்று. அட்டையைத் திறக்கிறவர் கையே மலை இறங்கும். மேல் பக்கம் ஏற்காடு, நடுப் பக்கம் மலைப்பாதை, கீழ்ப் பக்கம் சேலம். சிடி இருக்கிற பை அந்தக் கீழ்ப் பக்கத்தில், அதாவது அந்த அக்கா வேலை பார்க்கிற ஊரில். மூடும்போது கடைசி பஸ் மேலே போய்விடும். மூன்று பக்கம் 375 மி.மீ., இரண்டு மடிப்புக்கு மும்மூன்று மி.மீ., மொத்தம் 381. உள்ளே மடிந்து போகிற பக்கத்தை மட்டும் ஒரு மி.மீ. குறைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் அட்டை உப்பிக்கொண்டு நிற்கும்.

இப்போது உள்பக்கத்துக்கு என்ன போட்டோ வேண்டும் என்று உங்களுக்கே தெரிகிறது அல்லவா? அகலத்தைப் போல மூன்று மடங்கு உயரமுள்ள ஒரே படம். லேடிஸ் சீட்டிலிருந்து பார்த்தால் மலைப்பாதையும் சேலம் நகரமும் கீழே தெரியும். கேமராவை நட்டுக்குத்தலாகப் பிடித்து, டிரைபாடில் வைத்து, சூரியன் விழுந்து ஊரில் விளக்கு எரிய ஆரம்பிக்கும் நேரத்தில் எடுங்கள். வானத்தில் இன்னும் நீலம் இருக்கும், கீழே மஞ்சள் புள்ளிகள் வந்திருக்கும். அந்தப் பொருத்தம் இருபது, முப்பது நிமிஷத்துக்கு மேல் நிற்காது. 15 விநாடி, 20 விநாடி ஷட்டர் வைத்தால் வளைவுகளில் வண்டி போகிற வெளிச்சம் கோடாக விழும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் படத்தின் உயரம் 6,000 பிக்சல். உங்களுக்குத் தேவை 4,500தான், ஒரே படத்தில் வேலை முடிந்துவிடும். அங்கே எத்தனை மணி வரைக்கும் இருக்க விடுவார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். முதல் நாள் சாயங்காலமே இதை வைத்துக்கொள்ளுங்கள். பனி மூடிவிட்டால் இரண்டாம் நாள் கையில் இருக்கும்.

முன்னட்டைக்கு லேடிஸ் சீட், ஏரிப் படகு, பகோடா பாயின்ட் எதுவும் வேண்டாம். அவை நல்ல இடங்கள்தான். ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் ஏற்கனவே இருக்கின்றன. உங்கள் அக்கா அங்கெல்லாம் போகிறவர் இல்லை. அவருக்கு ஏற்காடு என்றால் இருட்டில் எழுந்து, பஸ் ஏறுகிற ஊர். நான் என்றால் கிளம்பாமல் நிற்கும் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியை வெளியிலிருந்து எடுப்பேன். கண்ணாடியில் பனித்துளி, உள்ளே விளக்கு, ஒரு முகம் பாதி. 50 எம்எம் லென்ஸ், அபெர்ச்சர் 2.8, ஐஎஸ்ஓ 1600 வரைக்கும் தைரியமாகப் போகலாம், கொஞ்சம் குருணை விழுந்தாலும் இந்தப் படத்துக்குப் பொருந்தும். கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள், போக்குவரத்துக் கழகத்தின் முத்திரை பிரேமுக்குள் வராமல் பாருங்கள். ஒவ்வொரு கோணத்திலும் மூன்று படம் எடுங்கள்: தலைப்புக்கு மேலே இடம் விட்டு ஒன்று, கீழே விட்டு ஒன்று, பக்கவாட்டில் விட்டு ஒன்று. கேமரா மெனுவில் ஒன்றுக்கு ஒன்று என்ற சதுர அளவு இருந்தால் அதை வைத்து ரா ஃபைலில் (கேமரா கசக்காமல் சேமிக்கிற ஃபைல்) எடுங்கள். திரையில் சதுரம் தெரியும், பல கேமராக்களில் ஃபைலில் முழுப்படம் பத்திரமாக இருக்கும்; உங்களுடையதில் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

பனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பனியைப் பார்த்ததும் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் படத்தைச் சாம்பல் ஆக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்காலோ ஒன்றோ கூட்டுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், ஒரு படம் நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வரும். ஒரே எண்ணில், 5,600 கெல்வின் பக்கம், நிறுத்தி வையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், முன்னால் மிதக்கிற நீர்த்துளி எல்லாம் வெள்ளைப் பொட்டாக விழும். அக்கா வேடத்தில் நடிப்பவருக்கு வெளிர் நிறத்தில் உடை கொடுத்தால் பனியில் கரைந்துபோவார். அரக்கு, கடுகு மஞ்சள் மாதிரி ஏதாவது கொடுங்கள். ஏசி காரில் போனால் கேமராவைப் பைக்குள் ஜிப் போட்டபடி இருபது நிமிஷம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். உடனே எடுத்தால் லென்ஸில் வேர்த்துக்கொள்ளும், துடைக்கத் துடைக்க வேர்க்கும். மே மாதம் கோடை விழா சமயத்தில் போவதாக இருந்தால், நான் சொன்ன அமைதி எதுவும் கிடைக்காது, தேதியை மாற்றுங்கள்.

காபித் தோட்டத்தில் எடுக்க நினைத்தால், அது யாரோ ஒருவரின் நிலம். சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியும் ரோட்டோரத்திலேயே தெரிகின்றன என்பதற்காக வேலியைத் தாண்டாதீர்கள். எஸ்டேட்டில் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், பழம் பறிக்கிற நாட்களில் மட்டும் நீங்கள் அவர்களுக்குத் தொந்தரவு. அங்கே வேலை செய்கிறவர்களையும் மலைக்கிராமத்துப் பெரியவர்களையும் "பேக்ரவுண்டுக்கு" என்று எடுக்காதீர்கள். அட்டையில் ஒரு முகம் வருகிறது என்றால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும், முடிந்தால் ஒரு தாளில். காப்புக்காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதைப் பற்றி விவாதமே இல்லை.

கொலுசுப் பட்டறைப் படங்களைச் சேலத்தில் தனியாக ஒரு நாள் எடுங்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பள்ளப்பட்டி பக்கம் வீட்டோடு சேர்ந்த பட்டறைகள் நிறைய உண்டு. சின்ன அறை, நாலு பேரும் உள்ளே போனால் வேலை நின்றுவிடும். ஒருவர் மட்டும் போங்கள். பொடி வைத்து ஊதுகிற இடத்தில் நெருப்பு இருக்கும், நைலான் துணியோடு பக்கத்தில் போகாதீர்கள். (நாம் பேச்சில் "பொடி வைத்து ஊதாதே" என்கிறோமே, அது இந்த வேலையிலிருந்து வந்ததுதான்.)

பின்பக்கத்துக்கு வருவோம். ஒரு பாட்டை எட்டுப் பாட்டாகக் காட்ட இல்லாத பெயர்களை எழுதாதீர்கள். பார்த்தவுடனே தெரிந்துவிடும். பாட்டு, அதன் கரோக்கி, ஒரு கிட்டாரை மட்டும் வைத்துப் பாடியது என்று மூன்று வடிவம் உங்களால் உண்மையிலேயே கொடுக்க முடியும். நேரத்தோடு அதைப் போடுங்கள். மலையில் இருபது கொண்டை ஊசி வளைவுப் பலகை இருக்கிறதே, அந்த எண்களைப் பாட்டு வரிசை எண்ணாக வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் முதலில் தோன்றியது. வேண்டாம். மூன்று பாட்டுக்கு அது வெறும் அலங்காரம், அதற்காக வளைவில் நின்று போட்டோ எடுப்பது பஸ் ஓட்டுகிறவருக்கும் உங்களுக்கும் ஆபத்து. மீதி இடத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள், பாட்டு ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு, வரிகளும் வடிவமைப்பும் யாருக்கு என்று இரண்டு வரி, வருஷம். பார்கோடு ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். 890-இல் தொடங்கும் அந்த எண் அந்த பிஸ்கட்டுக்குச் சொந்தம். மாதிரிக்கு வெறும் கோடு போட்ட கட்டம் போதும்.

இனி அச்சு. இங்கேதான் தமிழ் ஆட்கள் நாம் அடிபடுகிறோம். பழைய பதிப்பு போட்டோஷாப்பில் தமிழில் தட்டியதும் "கொ" என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறினால் ஃபான்ட் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரிஃபரன்ஸில் டைப் என்ற பகுதிக்குப் போய் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றிவிட்டு, புதிதாக ஒரு எழுத்துப் பெட்டி திறங்கள். ஃபான்ட்டுக்கு திருட்டு சிடி தேவையில்லை. கேட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், பாலு தம்பி, கவிவனார் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக, அச்சுக்குப் பயன்படுத்துகிற உரிமையோடு கிடைக்கின்றன. தலைப்பை மட்டும் ஃபான்ட்டில் வைக்காமல் கையால் எழுதிப் பாருங்கள். அந்த அக்கா பஸ் கண்ணாடியில் விரலால் எழுதினால் எப்படி இருக்கும்? முப்பது தடவை எழுதினால் இரண்டு தேறும். பெயர்ப் பட்டியலை 7 பாயின்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் ஒரு பாயின்ட் கூட்டுங்கள், மை பரவி "ண", "ஞ" சுழியெல்லாம் அடைத்துவிடும்.

கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ முடித்ததும் எழுத்து முழுவதையும் கர்வ் செய்து (ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி) பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், பிழை திருத்தியபின் மட்டும். கர்வ் செய்யாத ஃபைல் ஒன்றும் வைத்திருங்கள். நிறம் சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மையின் நாலு நிறக் கணக்கு. திரையில் பளபளக்கிற நீலமும் கிளிப்பச்சையும் தாளில் மங்கும், அதனால் லேடிஸ் சீட் படத்தின் நீலத்தை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆசைப்படுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீள்கிற கூடுதல் படம்), எழுத்து ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே. டிஜிட்டல் பிரின்ட் கடையில் 12க்கு 18 ஷீட், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன், கிரீஸிங் (மடிப்புக் கோட்டை முன்கூட்டியே அழுத்திக் கொடுப்பது) என்று கேளுங்கள். நம் நீள அட்டை ஒரு ஷீட்டில் இரண்டு உட்காரும். ஆகவே ஒரு ஷீட்டுக்கு ஒன்று சமர்ப்பிக்க, ஒன்று கெடுக்க. கிரீஸிங் போடாமல் மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

மடிப்பைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்கு உறை செய்தேன். பாடியவரின் முகம் அழகாக, பெரிதாக, அட்டையின் நடுவில். திரையில் விரித்தபடியே பார்த்து ஓகே சொன்னேன். அடித்து வந்தபோது கேசட்டின் முதுகு அவர் மூக்கில் மடிந்திருந்தது, ஒரு கண் முன்னால், ஒரு கண் பின்னால். ஐநூறு பிரதி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றையிலிருந்து கத்தரிக்கோல் இல்லாமல் நான் எந்த உறைக்கும் ஓகே சொல்வதில்லை.

பத்திரிகை விளம்பரத்துக்கு அதே எழுத்து, அதே நிறம், ஆனால் அட்டையில் இல்லாத வேறொரு படம். ஜன்னல் படத்தின் மற்றொரு கோணம் போதும். அட்டையின் சின்ன உருவத்தை ஒரு மூலையில் வையுங்கள். பாட்டை ஆன்லைனில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் 3,000க்கு 3,000 பிக்சலில் ஒரு சதுரப் படம் தனியாகச் செய்துகொள்ளுங்கள். அதில் இன்ஸ்டா முகவரியோ வெப்சைட் முகவரியோ எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும்போதும் தலைப்பு படிக்க வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, சிடி மேல் என்ன போடுவது. இதற்கு உங்கள் பாட்டே பதில் வைத்திருக்கிறது. பத்து அங்குலக் கொலுசு ஒன்றை வட்டமாக மாட்டி வைத்தால் அதன் விட்டம் 81 மி.மீ. வரும். சிடியின் விட்டம் 120. அசல் அளவிலேயே கொலுசு சிடியின் மேல் கச்சிதமாக உட்காரும், நடுவில் 15 மி.மீ. ஓட்டை. ஓட்டையைச் சுற்றி இன்னும் சில மி.மீ. அச்சு வராது, அதனால் அங்கே எதையும் வைக்காதீர்கள், கொலுசின் வளையத்துக்குள் வெறுமை இருக்கட்டும்.

வெள்ளியை எடுப்பது கொஞ்சம் குறும்புத்தனமான வேலை. எதிரில் இருப்பதை எல்லாம் அது காட்டிவிடும், உங்கள் சட்டை, கேமரா, கூரை ஃபேன் வரைக்கும். ஜன்னலில் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தைப் பரப்புங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல். அப்புறம் இரண்டு ஓரத்திலும் கறுப்பு சார்ட்டை ஒரு பட்டையாக நிறுத்துங்கள், அந்தக் கறுப்பு கொலுசில் விழுந்தால்தான் அதற்கு விளிம்பு கிடைக்கும். கேமராவை நேர் மேலே வைத்து, 50 எம்எம், அபெர்ச்சர் 8 அல்லது 11, பத்து விநாடி டைமர். கடையில் புதுக் கொலுசு வாங்காதீர்கள். உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ தேய்ந்த கொலுசு இருக்கும், சலங்கை ஒன்றிரண்டு உதிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. கேட்டு வாங்கி வாருங்கள். திருகாணியை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.